உச்சிவெயிலில் காணாமற்போன தரவுகள்

கம்பியில்லாத் தொடர்புடைய நுண்கட்டுப்படுத்திப் பலகைகள் இந்தியப் பல்கலைக்கழகங்களில் மின்னணுவியல் துறையின் எல்லையைத் தாண்டிப் பல ஆண்டுகளாகின்றன. ஷாங்காயைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் ஈஎஸ்பி8266 சில்லு 2014ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவியது; அதன் அடுத்த தலைமுறையான ஈஎஸ்பி32 2016இல் வெளிவந்தது. வைஃபை வசதியோடு கூடிய ஒரு முழுப் பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கத் தொடங்கியதும், மண்ணின் ஈரத்தை அளக்கும் வேளாண் மாணவரும், ஏரிநீரை ஆராயும் சூழலியல் மாணவரும், நகரத்தின் வெப்பத்தைப் பதிவுசெய்யும் புவியியல் மாணவரும் தத்தம் கருவிகளைத் தாமே கட்டிக்கொள்ளத் துணிந்தனர். விலையுயர்ந்த இறக்குமதிக் கருவிக்கு நிதி கேட்டுக் காத்திருந்த துறைகளுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் கருவியைத் தாமே கட்டுகிறவர், அது உண்ணும் மின்சாரத்துக்கும் உமிழும் வெப்பத்துக்கும் தாமே பொறுப்பாளராகிறார். அந்தப் பொறுப்பின் அளவு, பெரும்பாலும் முதல் தரவுத்தொகுப்பு கெட்ட பிறகே தெரியவருகிறது.

நாக்பூரில் ஓர் உயர்கல்வி நிறுவனத்தின் புவியியல் துறையில் முனைவர் பட்ட ஆய்வு மேற்கொண்ட ஒரு மாணவிக்கு அது ஒரு மே மாதத்தில் தெரியவந்தது. நகரின் நெருக்கமான பகுதிகளும் மரங்களடர்ந்த பகுதிகளும் கோடைப் பிற்பகலில் எவ்வளவு வேறுபட்டு வெப்பமடைகின்றன என்பதே அவருடைய ஆய்வுக் கேள்வி. மே மாதத்தில் 45 டிகிரி செல்சியஸைத் தொடுவது நாக்பூருக்குப் புதிதல்ல. ஆகவே அவர் பன்னிரண்டு பெட்டிகளைச் செய்தார். ஒவ்வொன்றிலும் ஓர் ஈஎஸ்பி32 பலகை, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அழுத்தத்தையும் அளக்கும் பிஎம்இ280 உணரி, ஒரு நினைவட்டை. மின்சாரத்துக்கு 12 வோல்ட் ஈய அமில மின்கலம், அதை நிரப்பச் சிறிய சூரியத் தகடு. வீட்டு மாடிகளிலும் பள்ளி மாடிகளிலும் பெட்டிகள் ஏற்றப்பட்டன. நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, அட்டையில் எழுதி, அவ்வீட்டாரின் வைஃபை வழியாகத் துறையின் கணினிக்கும் அனுப்புமாறு நிரல் எழுதப்பட்டது.

ஏப்ரலில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மே முதல் வாரத்திலிருந்து வரைபடங்களில் ஓட்டைகள் தோன்றின. நண்பகல் 12.30 மணியளவில் ஒரு பெட்டி மௌனமாகும்; சிறிது நேரம் கழித்து இரண்டொரு அளவுகளை அனுப்பும்; மீண்டும் மௌனமாகும். மாலை 4 மணிக்குப் பிறகு ஒன்றும் நடக்காததுபோல் வேலை செய்யும். இரவு முழுவதும் ஒரு நிமிடம்கூடத் தவறாது. பன்னிரண்டில் ஏழு பெட்டிகள் இவ்வாறு நடந்துகொண்டன. ஆய்வேடு எந்த நேரத்தைப் பற்றியதோ அந்த நேரத்தின் தரவுதான் இல்லை.

வீட்டு வைஃபை பிற்பகலில் துண்டிக்கப்படுகிறது என்பது முதல் ஐயம். நினைவட்டைகளை எடுத்துப் பார்த்ததும் அந்த ஐயம் விலகியது. அட்டையிலும் அதே நேரத்தில் ஓட்டைகள் இருந்தன. தொடர்பு போகவில்லை, பலகையே உயிரோடில்லை. அடுத்த ஐயம் நிரலின்மேல் விழுந்தது. மென்பொருளைத் திருத்துவதற்குச் சாலிடர் இரும்பு தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, இத்துறைக்குப் புதியவர்கள் எந்தக் கோளாறையும் முதலில் நிரலில் தேடுகிறார்கள். மூன்று வாரங்கள் அவ்வாறு சென்றன.

இக்காலத்தில் ஆய்வகத்தில் மடிக்கணினியோடு இணைத்துச் சோதித்த ஒரு பலகை, வைஃபை தொடங்கும் கணத்தில் திரும்பத் திரும்ப மறுதொடக்கமாயிற்று. திரையில் தோன்றிய செய்தி 'பிரவுன்அவுட்' கண்டறியப்பட்டதாகக் கூறியது. சில்லுக்கு வரும் மின்னழுத்தம் ஒரு வரம்புக்குக் கீழே சரிந்தால், ஈஎஸ்பி32 தன்னைத்தானே நிறுத்தி மறுபடி தொடங்கும். இயல்பான அமைப்பில் அந்த வரம்பு ஏறத்தாழ 2.43 வோல்ட். இக்காவலைச் செயலிழக்கச் செய்யும் ஒற்றை வரி நிரல் மாணவர்களிடையே கைமாறி வருவது. மூத்த மாணவர் ஒருவர் அதைக் கொடுத்தார், செய்தி மறைந்தது. மாணவி அதே வரியைப் பன்னிரண்டு பெட்டிகளிலும் ஏற்றினார்.

ஓட்டைகள் சற்றுச் சுருங்கின. ஆனால் நினைவட்டைகளில் பாதியில் அறுந்த வரிகள் தோன்றின. 43 டிகிரிக்கு அடுத்த நிமிடம் பூஜ்யம் பதிவாகியிருந்தது. ஒரு கோப்பு திறக்கவே இல்லை. இவற்றின் காரணம் எளியது. பலகையிலுள்ள ஃப்ளாஷ் நினைவகங்களில் பலவும் 2.7 வோல்ட்டுக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல. காவலை நீக்கினால் மின்னழுத்தம் சரிவது நிற்பதில்லை. சரிந்த மின்னழுத்தத்திலும் சில்லு தன் வேலையைத் தொடர்கிறது, அவ்வளவே. பூஜ்யத்தையும் அறுந்த வரியையும் கண்ணால் பார்த்து நீக்கிவிடலாம். ஒன்றரை டிகிரி மட்டும் தவறிய ஓர் அளவு இருந்தால் அதை எவ்வாறு கண்டுபிடிப்பது? ஓட்டை தன்னை ஓட்டை என்று காட்டிக்கொள்கிறது. தவறான எண் சரியான எண்ணைப் போலவே இருக்கிறது. இதை உணர்ந்த அன்றே அவர் அந்த வரியைப் பன்னிரண்டு பெட்டிகளிலிருந்தும் நீக்கினார்.

திருப்பம் இயற்பியல் துறையின் ஆய்வக உதவியாளரிடமிருந்து வந்தது. பணியில் சேருமுன் வானொலி, தொலைக்காட்சிப் பெட்டி பழுதுபார்த்தவர். மாணவர்கள் அவரைக் 'காகா' என்றே அழைப்பர்; மராத்தியில் அது சித்தப்பாவைக் குறிக்கும். ஈஎஸ்பி32இன் பெயரை அவர் அதற்குமுன் கேள்விப்பட்டதில்லை. அவர் கேட்டது ஒன்றே: "பேட்டா, மாடியில் இருக்கிறபடியே, அந்த மின்கலத்தோடு ஒரு பெட்டியை இங்கே கொண்டுவர முடியுமா? மேசைமேல் நீங்கள் சோதிப்பது வேறு பெட்டி."

மறுநாள் பெட்டி வந்தது. ஆய்வகத்திலிருந்த மின்வழங்கியை 13.8 வோல்ட்டுக்கு வைத்து, பெட்டியை மூடி, முற்றத்து வெயிலில் அரைமணிநேரம் ஓடவிட்டார். பிறகு திறந்து உறுப்புகளை ஒவ்வொன்றாக விரல்நுனியால் தொட்டார். வெள்ளி நிற உலோக மூடியிட்ட ஈஎஸ்பி32 தொகுதி நன்றாகச் சுட்டது. ஆனாலும் விரலை வைத்திருக்க முடிந்தது. அதனருகே மூன்று கால்கள் கொண்ட சிறிய கருப்பு உறுப்பைத் தொட்ட விரல் உடனே திரும்பியது.

விரற்சோதனை முரட்டுத்தனமானதாகத் தோன்றலாம். அதன் பயன் வெப்பநிலையைச் சொல்வதில் இல்லை, இடத்தைச் சொல்வதில் இருக்கிறது. மனித விரல் 50 டிகிரிக்குமேல் நெடுநேரம் தாங்காது. வைஃபை இயங்கும் ஈஎஸ்பி32 தொகுதி வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. வழக்கமான தொகுதிகள் சுற்றுச்சூழல் 85 டிகிரி ஆகும்வரை வேலை செய்யுமாறு வடிவமைக்கப்பட்டவை. ஆகவே 'பலகை சுடுகிறது' என்பது குறையுள்ள வாக்கியம். பலகையில் எது சுடுகிறது என்பதே கேள்வி. வெள்ளி மூடி எதையும் இணைக்காதபோதே கொதித்தால் சில்லு சிதைந்திருக்கலாம், 3.3 வோல்ட்டுக்கு உரிய முனையில் 5 வோல்ட் உணரியை நேரே இணைத்தவர்கள் இதைக் கண்டிருப்பர். யுஎஸ்பி இணைப்புச் சில்லு சுட்டால் வேறு காரணம். இங்கே சுட்டது மின்னழுத்தச் சீராக்கி.

இவ்வகைப் பலகைகள் பலவற்றில் இருப்பது ஏஎம்எஸ்1117 என்ற சீராக்கி. வெளியிலிருந்து வரும் மின்னழுத்தத்தை 3.3 வோல்ட்டாகக் குறைப்பது அதன் பணி. மிகுதி வோல்ட்டுகளை அது வேறெங்கும் அனுப்புவதில்லை. வெப்பமாக மாற்றித் தன் உடம்பிலேயே எரிக்கிறது. எவ்வளவு எரிக்கிறது என்பதை ஒரு கழித்தலும் ஒரு பெருக்கலும் சொல்லிவிடும். வைஃபை வலையைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஈஎஸ்பி32 ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் எடுக்கும். யுஎஸ்பி வழியே 5 வோல்ட் வந்தால் மிகுதி 1.7 வோல்ட், வெப்பம் 0.17 வாட். 13.8 வோல்ட் வந்தால் மிகுதி 10.5 வோல்ட், வெப்பம் 1.05 வாட். சீராக்கியின் விவரத்தாள், குளிர்விப்பு இல்லாத நிலையில் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 90 டிகிரி வீதம் அதன் உள்வெப்பம் உயரும் என்கிறது. அதாவது மேசைமேல் 15 டிகிரி உயர்வு. மாடியில் 94 டிகிரி உயர்வு. மூடிய பெட்டிக்குள் காற்றே 55 டிகிரியில் இருந்தால் சீராக்கியின் உள்ளே 149 டிகிரி. அதன் இயக்க வரம்பு 125 டிகிரி. அதைத் தாண்டிச் சூடேறும்போது சீராக்கி தன்னைக் காத்துக்கொள்ள வெளியீட்டை நிறுத்துகிறது. பலகை சாகிறது. சற்றுக் குளிர்ந்ததும் மீண்டும் வழங்குகிறது. பலகை எழுகிறது, வைஃபையைத் தேடுகிறது, மீண்டும் சூடேறுகிறது.

ஓட்டைகளின் நேரஒழுங்கு அப்போது விளங்கியது. மின்சாரக் கோளாறு என்றதும் பற்றாக்குறையையே எல்லாரும் எண்ணுகிறோம். இங்கே நிகழ்ந்தது அதற்கு நேர்மாறு. வெயில் உச்சத்தில் இருக்கும்போது சூரியத் தகடு மிகுதியாக உற்பத்தி செய்கிறது, மின்கலத்தின் மின்னழுத்தம் அன்றைய உச்சத்துக்கு ஏறுகிறது, பெட்டிக்குள் காற்றும் அப்போதுதான் கொதிக்கிறது. மூன்றும் ஒரே மணிநேரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. இரவில் மின்கலம் 12.5 வோல்ட்டுக்கு இறங்கும், காற்று 30 டிகிரிக்கு வரும். அதே கணக்கில் சீராக்கி 113 டிகிரியில் தாக்குப்பிடிக்கும். பலகையின் விளம்பரத்தில் '5 முதல் 12 வோல்ட் வரை' என்றிருந்ததை நம்பியே மின்கலம் நேரடியாக இணைக்கப்பட்டது. 12 வோல்ட்டைச் சீராக்கி ஏற்கும் என்பது உண்மை. எவ்வளவு மின்னோட்டத்தில், எந்த வெப்பச் சூழலில் என்பதை அந்த வரி சொல்லவில்லை.

ஆய்வகத்து மேசையில் கண்ட பிரவுன்அவுட் இதனோடு தொடர்பற்ற மற்றொரு நோய். அது உண்மையான பற்றாக்குறை. ஈஎஸ்பி32 அலைபரப்பும் கணத்தில் 240 மில்லி ஆம்பியர் எடுப்பதாக விவரத்தாள் கூறுகிறது. கணநேர உச்சங்கள் அதற்கும் மேலே செல்வதால், 500 மில்லி ஆம்பியர் தரவல்ல மின்வழங்கலைத் தயாரிப்பாளர் பரிந்துரைக்கிறார். மேசையில் பயன்பட்டது ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மெல்லிய யுஎஸ்பி கம்பி. 28 கேஜ் கம்பிக்கு மீட்டருக்கு 0.21 ஓம் தடை; போகவும் வரவும் மூன்று மீட்டருக்கு 0.64 ஓம். 400 மில்லி ஆம்பியர் பாயும்போது கம்பியிலேயே கால் வோல்ட் போய்விடும். பலகையின் டையோடு மற்றொரு 0.35 வோல்ட்டை எடுக்கும். ஏஎம்எஸ்1117 வேலை செய்யத் தனக்கென்று 1.1 வோல்ட்டாவது கேட்கும். 5 வோல்ட்டிலிருந்து இவற்றையெல்லாம் கழித்தால் 3.29 மிஞ்சும். கணினி 5க்குப் பதிலாக 4.75 வோல்ட் தந்தால், அதுவும் யுஎஸ்பி விதிகளுக்கு உட்பட்டதே, 3.04தான் மிஞ்சும். இணைப்பு முனை தளர்ந்திருந்தாலோ கணநேர உச்சம் ஏறினாலோ காவல் விழித்துக்கொள்ளும்.

இச்சரிவை மல்டிமீட்டர் காட்டாது. வினாடிக்கு இரண்டு மூன்று முறை எண்ணை மாற்றும் கருவிக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடியில் நிகழும் சரிவு தெரிவதில்லை. '3.3 வோல்ட் சரியாகத்தான் வருகிறது' என்று பலரும் ஏமாறும் இடம் இது. அலைநோக்கி இருந்தால் பார்த்துவிடலாம். இல்லாதவருக்கு மாற்றிப்பார்க்கும் முறை உண்டு: குட்டையான தடித்த கம்பிக்கு மாற்றுவது; பிறகு 3.3 வோல்ட் முனைக்கும் தரைக்கும் இடையே 470 மைக்ரோஃபாரட் மின்தேக்கியைப் பலகைக்கு ஒட்டினாற்போல் இணைப்பது. சீராக்கி ஈடுகொடுக்குமுன் 300 மில்லி ஆம்பியர் திடீர்த் தேவையை 100 மைக்ரோவினாடி நேரம் மின்தேக்கி மட்டுமே தாங்குவதாகக் கொண்டால், 10 மைக்ரோஃபாரட்டில் 3 வோல்ட் சரியும், 470இல் 0.06 வோல்ட் மட்டுமே சரியும். கம்பியை மாற்றியதுமே மேசைப்பலகை சீரானது. மறுதொடக்கம் என்னும் ஒரே அறிகுறிக்கு எதிரெதிரான இரு காரணங்கள் இருந்தன என்பதும், ஒன்றுக்குக் கிடைத்த பொய்மருந்து மற்றொன்றுக்கும் பூசப்பட்டது என்பதும் அன்று தெளிவாயின.

மாடிப் பெட்டிகளுக்கான மருத்துவம் மூன்று படிகளில் நடந்தது. முதலாவது, மின்கலத்துக்கும் பலகைக்கும் இடையே ஒரு பக் கன்வெர்ட்டர். மிகுதி வோல்ட்டை எரிக்காமல், வேகமாக இணைத்தும் துண்டித்தும் 5 வோல்ட்டாக இறக்கும் சுற்று இது. எல்எம்2596 வகை எங்கும் மலிவாகக் கிடைக்கிறது. அதிலுள்ள திருகாணியை முன்னரே 5 வோல்ட்டுக்குச் சரிசெய்த பிறகுதான் பலகையை இணைக்கவேண்டும். கடையிலிருந்து வரும்போது அது எந்த நிலையிலும் இருக்கலாம். ஒரு பலகை அவ்வாறே பலியாயிற்று. இரண்டாவது, துயில். நகரத்தின் காற்று நிமிடத்துக்கு நிமிடம் மாறுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ஆறு வினாடியில் அளந்து அனுப்பிவிட்டு ஆழ்துயிலுக்குச் சென்றால், பலகை விழித்திருக்கும் நேரம் நூற்றில் இரண்டு பங்கு. ஆழ்துயிலில் ஈஎஸ்பி32 சில்லு 10 மைக்ரோ ஆம்பியர் அளவே எடுக்கும். ஆனால் பலகையிலுள்ள சீராக்கியும் யுஎஸ்பி சில்லும் சிவப்பு விளக்கும் தூங்குவதில்லை; ஏஎம்எஸ்1117 மட்டுமே சும்மா இருக்க 5 மில்லி ஆம்பியர் கேட்கும். சிறிய லித்தியம் மின்கலத்தில் மாதக்கணக்கில் ஓடவேண்டிய கருவி பத்து நாளில் நின்றுபோவதற்கு இதுவே வழக்கமான காரணம். சூரியத் தகடு இருந்ததால் இங்கே அது பொறுத்துக்கொள்ளப்பட்டது.

மூன்றாவது படி உணரியைப் பற்றியது. அதுதான் ஆய்வேட்டின் அடித்தளத்தையே அசைத்தது.

பெட்டிக்குள் நுழையும் மின்சாரத்தில் வானலையாக வெளியேறும் சிறுபகுதி போக, மற்றதெல்லாம் இறுதியில் வெப்பமாகப் பெட்டிக்குள்ளேயே முடிகிறது. பழைய அமைப்பில் 13.8 வோல்ட்டும் 100 மில்லி ஆம்பியரும் சேர்ந்து 1.38 வாட். அந்தச் சிறிய அடுப்புக்குப் பக்கத்தில், அதே பெட்டியின் மூலையில், காற்றின் வெப்பத்தை அளக்கும் உணரி அமர்ந்திருந்தது. தன் அளவு சுற்றுப்புறத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும் என்றும், அது பலகையின் வெப்பத்தைப் பொறுத்தது என்றும் பிஎம்இ280இன் தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். வெயிலின் தலையீடு இல்லாத ஓர் இரவில், துறையின் கண்ணாடி வெப்பமானியை ஒரு பெட்டியின் பக்கத்தில் தொங்கவிட்டுப் பார்த்தபோது, பெட்டி 2 டிகிரிக்கும் மேல் கூட்டிச் சொன்னது. கணித்தறிய விரும்பிய வேறுபாடே சில டிகிரிகள்தாம்.

நெறியாளர் நியாயமான ஒரு மறுப்பை முன்வைத்தார். பன்னிரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி கட்டப்பட்டவை. எல்லாம் ஒரே அளவு கூட்டிச் சொன்னால், இடங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டைக் கழித்தறியும்போது அந்தப் பிழை தானே நீங்கிவிடாதா? மாணவி இதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் பதில் சொன்னார். பிழை ஒரே அளவாக இருக்க வழியில்லை. வைஃபை நிலையத்திலிருந்து தொலைவில், தடித்த சுவர்களுக்கப்பால் இருக்கும் பெட்டி அனுப்பியதையே மீண்டும் மீண்டும் அனுப்புகிறது. கூடுதல் நேரம் முழு வலுவில் அலைபரப்பிக் கூடுதலாகச் சூடேறுகிறது. காற்றோட்டமுள்ள மாடியில் பெட்டி ஆறுகிறது. நான்குபுறமும் கட்டடங்கள் சூழ்ந்த மாடியில் ஆறுவதில்லை. மர நிழல் படும் இடத்தில் மின்கலம் 13.8 வோல்ட்டை எட்டுவதே அரிது. ஆகவே நெருக்கமான பகுதியின் பெட்டிகள் கூடுதலாகவும், பசுமையான பகுதியின் பெட்டிகள் குறைவாகவும் பிழை செய்தன. ஆய்வு எந்த வேறுபாட்டைக் காண விரும்பியதோ, அதே திசையில் கருவியும் ஒரு வேறுபாட்டை உண்டாக்கிக் கொடுத்தது. கருதுகோளை மெய்ப்பிக்கும் பிழை எல்லாப் பிழைகளிலும் ஆபத்தானது. அதை ஐயுற யாருக்கும் மனம் வருவதில்லை.

ஓட்டைகளின் கதையும் இதைப் போன்றதே. விடுபட்ட மூன்று மணிநேரத்தை இருபுறத்து அளவுகளையும் நேர்கோட்டால் இணைத்து நிரப்பிவிடலாம் என்ற யோசனை துறைக் கூட்டத்தில் எழுந்தது. பல ஆய்வுகளில் அது தவறான வழியுமல்ல. ஆனால் தரவு எக்காரணத்தால் விடுபட்டது என்பதைப் பொறுத்தே அதை எவ்வாறு கையாளலாம் என்பது முடிவாகும். புள்ளியியலாளர் டொனால்ட் ரூபின் 1976இல் 'பயோமெட்ரிகா' இதழில் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது அத்துறையின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்றாகிவிட்டது. வைஃபை தற்செயலாகப் போனதால் அளவு விடுபட்டால், விடுபட்டவை மற்றவற்றைப் போன்றவையே எனலாம். இங்கே வெப்பம் மிகுந்ததனாலேயே வெப்பத்தின் அளவு விடுபட்டது. 12.30க்கும் 4 மணிக்கும் இடையே கோடு இழுத்தால் அந்தக் கோடு பிற்பகலின் உச்சியை வெட்டி எறிந்துவிடும். அதுவும் மிகவும் சூடான ஏழு இடங்களில் மட்டும் வெட்டும். ஒரு பிழை கூட்டியது, மற்றொன்று குறைக்கிறது, இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்று நம்புவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

கோடை ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆய்வு உதவித்தொகை, இளநிலை, முதுநிலை இரண்டும் சேர்ந்து ஐந்தாண்டு. அந்த மே மாதத்தைக் கைவிடுவது என்றால் ஐந்தில் ஒன்றைக் கைவிடுவது. தரவை நேர்கோட்டால் நிரப்பியிருந்தால் எந்தத் தேர்வாளரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை என்பதை அறையிலிருந்த எல்லாரும் அறிந்திருந்தனர். யாரும் அதைச் சொல்லவில்லை. மாணவி முதற்கோடையின் பிற்பகல்கள் முழுவதையும் பகுப்பாய்விலிருந்து நீக்கினார். நெறியாளர் சிறிது நேரம் பேசாதிருந்து, பிறகு நீட்டிப்புக்கான விண்ணப்பத்தைத் தாமே எழுதித் தருவதாகச் சொன்னார்.

அடுத்த கோடைக்குள் பெட்டிகள் மாறின. உணரி பெட்டியைவிட்டு வெளியேறி, அடுக்கடுக்கான வெள்ளைத் தட்டுகளால் ஆன நிழற்கூட்டுக்குள் ஒரு சாண் கம்பியில் தொங்கியது. சராசரி மின்தேவை 1.38 வாட்டிலிருந்து கால் வாட்டுக்கும் கீழே இறங்கியது. பன்னிரண்டையும் ஒரே அறையில் ஒரு வாரம் அருகருகே ஓடவிட்டு, ஒவ்வொன்றின் தனிப்பட்ட விலகலும் குறித்துக்கொள்ளப்பட்டது. முந்தைய ஆண்டு இந்த ஒரு வாரம் நேரமின்மையால் கைவிடப்பட்டிருந்தது.

தரவுக் கோப்பில் மூன்று புதிய பத்திகளும் சேர்ந்தன. முதலாவது, மறுதொடக்கத்தின் காரணம்: மின்சாரம் புதிதாக வந்ததா, பிரவுன்அவுட்டா, நிரல் உறைந்து போனதா, துயிலிலிருந்து எழுந்ததா என்பதை ஈஎஸ்பி32 கேட்டால் தானே சொல்லும்; கேட்பதற்கு ஒரு வரி போதும். இரண்டாவது, மின்கலத்தின் மின்னழுத்தம்: 100 கிலோ ஓம், 22 கிலோ ஓம் எனும் இரு மின்தடைகளால் பங்கிட்டால் 14.4 வோல்ட் 2.6 வோல்ட்டாகிச் சில்லின் அளவிமுனைக்குப் பாதுகாப்பாக வந்துசேரும். வைஃபை இயங்கும்போது இரண்டாம் தொகுதி அளவிமுனைகள் வேலை செய்யாதாகையால் 32 முதல் 39 வரையிலான முனைகளையே பயன்படுத்தவேண்டும். மூன்றாவது, பெட்டிக்குள்ளே வைத்த மலிவான தனி வெப்ப உணரியின் அளவு. இம்மூன்றும் ஆய்வுக் கேள்விக்குத் தொடர்பற்றவை. அக்கேள்விக்கான விடையை நம்பலாமா என்பதற்குத் தொடர்புடையவை.

கருவி கட்டும் ஆய்வு மாணவர்கள் இம்மூன்று பத்திகளை முதல்நாளே சேர்த்துக்கொள்வது நல்லது. மேசையில் சோதிக்கும்போது களத்தின் மின்கலத்தையும், களத்தின் கம்பியையும், மூடிய பெட்டியையுமே பயன்படுத்துவது நல்லது. விவரத்தாளில் வெப்பத்தடை என்ற வரியைத் தேடி அந்தப் பெருக்கலைச் செய்ய ஐந்து நிமிடம் போதும்.

இரண்டாம் மே மாதத்திலும் ஒரு பெட்டி நின்றது. 19ஆம் தேதி இரவு தொடங்கி மறுநாள் காலை 9 மணிவரை ஓட்டை. நிற்பதற்கு முன்பான இரண்டு நாள்களில் மின்கலத்தின் பத்தி 12.4, 11.9, 11.1 என்று இறங்கியிருந்தது. பெட்டிக்குள் வெப்பம் 31 டிகிரிதான். மாடிக்கு ஏறிப் பார்த்தபோது, பக்கத்தில் நடந்த கட்டட வேலையின் சிமெண்டுத் தூசு சூரியத் தகட்டின்மேல் படிந்திருந்தது. வீட்டுக்காரரிடம் ஈரத்துணி வாங்கித் துடைத்தார்கள். அந்தப் பதினொரு மணிநேரம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில், வெப்பத்தோடு தொடர்பற்ற இழப்பு என்று காரணத்தோடு பதிவாகியுள்ளது. நேர்கோட்டால் நிரப்பத்தக்க ஓட்டை அதுவே. அதை அவர் நிரப்பினார், நிரப்பியதையும் குறித்தார்.